எமி விர்க் அப்படி என்ன நடிகர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சாபிப் படங்களைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் அது பாடகர்–நடிகர் தில்ஜித் தோசாஞ்சில் தொடங்கி அவரிலேயே முடிந்துவிடுகிறது. நடுவில், நடிப்புக்கு உரிய மதிப்புக் கிடைக்காதவர் என்று எமி விர்க் பெயரைச் சொன்னால் உடனே வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எமி விர்க் யாரு? நான் எங்கயாவது பார்த்திருப்பேனா?

பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். 1983 கிரிக்கெட் உலகக் கோப்பையைப் பற்றி, கபீர் கான் இயக்கத்தில் 2021 டிசம்பரில் வந்த '83' தமிழிலும் வெளியானது. நம் ஜீவா அதில் ஶ்ரீகாந்தாக வந்தது ஞாபகம் இருக்கும். அதே அணியில் பல்விந்தர் சிங் சந்துவாக வந்தவர்தான் எமி. இறுதிப் போட்டியில் வெஸ்ட் இண்டீஸின் கார்டன் கிரீனிட்ஜ், பந்து வெளியே போகிறது என்று நினைத்து மட்டையைத் தூக்கிவிட, அது உள்ளே வளைந்து வந்து ஸ்டம்பைப் பெயர்க்குமே, அந்தப் பந்தைப் போட்டவர் சந்து.

பிறந்தது 1992-ல், பாட்டியாலா மாவட்டம் நாபா பக்கத்தில் உள்ள லோஹர் மாஜ்ரா என்ற கிராமத்தில். முழுப் பெயர் அம்னிந்தர்பால் சிங் விர்க். 2013-ல் 'ஜட்டிசம்' என்ற ஆல்பத்தோடு பாடகராக எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தார். நடிக்க வந்தது 2015-ல். இந்தப் பக்கம் முழுக்க அதற்குப் பிறகான கதை.

பாட்டுக்காரர்தானே அவர்? படத்துல நடிக்கிறது சும்மா சைடு வேலைதானே?

பஞ்சாபில் இந்த வரிசை தலைகீழ். அங்கே பாடகராக ஊரறிந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் கதாநாயகன் ஆகிறார்கள். குர்தாஸ் மான், ஹர்பஜன் மான், தில்ஜித், கிப்பி கிரேவால், அம்ரிந்தர் கில், தர்செம் ஜஸ்ஸர், குர்ணாம் புல்லர் என்று எடுத்துப் பாருங்கள், எல்லோருமே மேடையில் மைக் பிடித்தவர்கள். காரணம் வியாபாரம். பஞ்சாபுக்குள் இருக்கும் திரைகளை மட்டும் நம்பி ஒரு படம் பிழைப்பது கஷ்டம். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பரவிக் கிடக்கும் மக்களையும் தியேட்டருக்கு வரவழைக்க வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த முகம், காரில் ஏறியதும் போடுகிற பாட்டின் குரலுக்குச் சொந்தமான முகம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நடிப்புப் பயிற்சி பெற்ற நாடகக்காரர்கள் துணை வேடங்களுக்குப் போய்விடுகிறார்கள். நிர்மல் ரிஷி, சர்தார் சோஹி, பி.என். சர்மா, பின்னு தில்லோன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். அவர்களோடு ஒரே ஃபிரேமில் நிற்கும் பாடகர்–கதாநாயகன் அநேகமாகக் காணாமல் போவார், இல்லாவிட்டால் கத்திச் சமாளிப்பார். எமி இரண்டும் செய்வதில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் கேட்கிறார். திரையில் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த பாடகர்கள் ரொம்பக் கம்மி.

முதல்ல எந்தப் படம் பார்க்கட்டும்?

'பம்பூகாட்'. 2016, இயக்கம் பங்கஜ் பத்ரா, எழுத்து ஜஸ் கிரேவால். அது பிடித்தால் 'ஹர்ஜீத்தா', அப்புறம் 'கிஸ்மத்'. சிரிக்க மட்டும் வேண்டும் என்றால் 'சௌங்கண் சௌங்கணே'. முதல் படமான 'அங்ரேஜ்' எல்லோரும் பார்க்க வேண்டிய படம்தான், ஆனால் எமிக்காக என்று தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது அடுத்த பதிலில்.

'அங்ரேஜ்' பார்த்தேன். அதுல அவர் ஹீரோவே இல்லையே?

இல்லைதான். சிமர்ஜீத் சிங் இயக்கி அம்பர்தீப் சிங் எழுதிய படம். நாட்டுப் பிரிவினைக்கு முந்தைய பஞ்சாப் கிராமம். கதாநாயகன் அம்ரிந்தர் கில், அவர் மனதில் இருக்கும் பெண்ணாக அதிதி சர்மா, இடையில் வந்து படத்தையே தூக்கிக்கொண்டு போகிறவர் சர்குன் மேத்தா. எமிக்கு ஹாகம் என்ற வேடம். வசதியான வீட்டுப் பிள்ளை, பார்க்க லட்சணம், கதாநாயகன் ஆசைப்பட்ட பெண்ணின் கண்ணை இழுக்கிறவன்.

புதுமுகப் பாடகர் ஒருவர் தன் முதல் படத்தில் கதாநாயகனுக்குப் போட்டியாக வரும் ஆளாக நடிக்கச் சம்மதித்ததே எனக்கு ஆச்சரியம். அந்த வேடத்தை வில்லத்தனமாக ஆக்கிவிடுவது சுலபம். எமி அப்படிச் செய்யவில்லை. ஹாகம் கெட்டவன் இல்லை, தனக்கு எல்லாம் கிடைக்கும் என்று பழகிப்போனவன், அவ்வளவுதான். அறிமுக நடிகருக்கான பிடிசி பஞ்சாபி விருது இதற்குக் கிடைத்தது. நடிப்பு என்று பார்த்தால் சின்ன வேலை. ஆனால் அடுத்த வருஷம் அவர் இதற்கு நேர் எதிரான ஆளாக வந்தார் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஹாகமின் மதிப்பு தெரியும்.

'பம்பூகாட்'டுல அப்படி என்ன இருக்கு? மோட்டார் சைக்கிள் கதைன்னு சொன்னாங்க.

மோட்டார் சைக்கிள் கதைதான். அதைவிடச் சகலை கதை என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். 1960-கள். சன்னண் சிங் என்ற சாதாரண விவசாயி பக்கோவைக் கட்டிக்கொள்கிறான். பக்கோ கறுப்பு, அதனாலேயே பிறந்த வீட்டில் அவளுக்கு மவுசு கம்மி. அந்த வீட்டின் இன்னொரு மாப்பிள்ளை ரேஷம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறவன். மரியாதை, உபசாரம், பேச்சு எல்லாம் அவன் பக்கம். சன்னணுக்குத் தன்னை மட்டம் தட்டுவதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. தன்னால் பக்கோவுக்கு இன்னும் ஒரு படி இறக்கம் என்பதுதான் வலிக்கிறது. தானும் ஒரு பம்பூகாட்டோடு, அதாவது மோட்டார் சைக்கிளோடு, மாமனார் வீட்டு வாசலில் நின்றாக வேண்டும் என்று படாதபாடு படுகிறான்.

பின்னு தில்லோன் சகலையாக வந்து ஒவ்வொரு காட்சியையும் சாப்பிடப் பார்க்கிறார், சாப்பிடவும் செய்கிறார். எமி அவரோடு மல்லுக்கு நிற்பதே இல்லை. கட்டிலில் உட்காரச் சொன்னால் ஓரத்தில் உட்காருகிற ஆள், பதில் சொல்ல வாயெடுத்துப் பாதியிலேயே விழுங்குகிற ஆள், சிரிப்பு வந்தாலும் அனுமதி கேட்டுச் சிரிக்கிற ஆள். இப்படி ஒரு மனிதனை முழுப் படத்துக்கும் அலுக்காமல் வைத்திருக்கிறார். பக்கோவாக வரும் சிமி சஹலுக்கு இது முதல் பஞ்சாபிப் படம். அவருக்கும் எமிக்கும் நடுவே இருக்கும் தோழமை, பிறகு எமி எந்தக் கதாநாயகியோடு நடித்தாலும் நான் எதிர்பார்க்கிற ஒன்றாக ஆகிவிட்டது.

என் கணிப்பு இதுதான்: ஒரு அறையில் எல்லோரையும்விடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிற ஆணை, பரிதாபம் தேடாமல் நடித்துக் காட்டுவதுதான் எமியின் தனித் திறமை. கீழே வரும் பல பதில்கள் இதையே சுற்றி வரும்.

எல்லாப் படத்துலயும் தலைப்பாகை, தாடி. எனக்கு எல்லாம் ஒரே ஆள் மாதிரி தெரியுதே?

கெட்டப் மாற்றினால்தான் நடிப்பு என்று நாம் பழகிவிட்டதால் வரும் சந்தேகம் இது. தலைப்பாகையைக் கழற்றாத நடிகருக்கு முகத்தில் மிஞ்சுவது கண், மூக்கு, உதடு மட்டும். விக், மீசை, மொட்டை என்று நம் நடிகர்களுக்குக் கிடைக்கும் வசதி எதுவும் கிடையாது.

ஆனால் தலைப்பாகையே எவ்வளவு பேசுகிறது என்று கவனித்துப் பாருங்கள். சண்டிகர்ப் பையனாக வரும்போது மடிப்பு மடிப்பாக, இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும் பாட்டியாலா ஷாஹி கட்டு. பழைய காலத்துக் கிராமத்தான் என்றால் தளர்வாகச் சுற்றிய துணி, வேலை செய்யும்போது அவிழ்ந்து திரும்பக் கட்டிக்கொள்கிற மாதிரி. விளையாட்டுக்காரன் என்றால் தலையோடு ஒட்டிய பட்கா. ஒவ்வொன்றுக்கும் கழுத்து நிற்கும் விதமே மாறும். ஷாஹி கட்டியவன் தலையை நிமிர்த்தித் திருப்புவான், தளர்ந்த முண்டாசுக்காரன் குனிந்தே பேசுவான். எமி இந்த வித்தியாசத்தை உடம்பில் கொண்டுவருகிறார். 'பம்பூகாட்'டையும் 'கிஸ்மத்'தையும் சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பஞ்சாபிப் படங்களிலேயே ஒரு காலத்தில் தலைப்பாகை கட்டிய காதல் கதாநாயகன் அபூர்வம். இந்தியில் கேட்கவே வேண்டாம், சர்தார்ஜி என்றால் ஜோக். தில்ஜித் உடைத்த கதவு அது. அதன் வழியாக நடந்தவர்களில் எமி முக்கியமானவர்.

'ஹர்ஜீத்தா'வுக்குத் தேசிய விருது வாங்கினாரா?

படம் வாங்கியது, அவர் வாங்கவில்லை. 66-வது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பஞ்சாபிப் படம் 'ஹர்ஜீத்தா' (2018). சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில், இதில் சிறுவயது ஹர்ஜீத்தாக நடித்த சமீப் சிங் ரணௌத்தும் ஒருவர். விஜய் குமார் அரோரா இயக்கம். ஜூனியர் ஹாக்கி அணித் தலைவர் ஹர்ஜீத் சிங்கின் உண்மைக் கதை. அப்பா லாரி ஓட்டுநர். மகன் தலைமையில் இந்திய அணி 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2–1 என்று வென்று ஜூனியர் உலகக் கோப்பையைத் தூக்கியது.

இதற்காக எமி உடம்பை நன்றாக இளைத்தார். எல்லோரும் பேசியது அதைப் பற்றித்தான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இருபத்தைந்தைத் தாண்டிய ஒரு நட்சத்திரம், இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையனின் தயக்கத்தைக் கொண்டுவந்ததுதான் வேலை. பயிற்சியாளராக வருபவர் பங்கஜ் திரிபாதி. அவர் முன் நிற்கும்போது எமி மாணவனாகவே நிற்கிறார், கதாநாயகனாக நிற்பதில்லை. படம் வழக்கமான விளையாட்டுப் படங்களின் தடத்தில்தான் ஓடுகிறது, அதை மறைப்பானேன். ஆனாலும் வறுமையைக் காட்டிக் கண்ணீர் பிடுங்கும் இடங்களில் எமி கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பதால் படம் தப்பிக்கிறது.

'நிக்கா ஜைல்தார்' எத்தனை பாகம்தான் வரும்? எல்லாத்துலயும் ஒரே காமெடிதானே?

2016, 2017, 2019 என்று மூன்று வந்து, 2025-ல் நான்காவதும் வந்துவிட்டது. கதைகள் தொடர்ச்சி இல்லை, பெயரும் நிர்மல் ரிஷியின் பாட்டியும்தான் பொது. நிர்மல் ரிஷி 2024-ல் பத்மஶ்ரீ வாங்கியவர். அந்தப் பாட்டியும் பேரனும் மோதிக்கொள்ளும் காட்சிகளுக்காக முதல் பாகத்தைப் பார்க்கலாம். மற்றவை உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

சிரிக்க வைக்கிறவர் சரி. அழ வைப்பாரா?

'கிஸ்மத்' (2018). 'நிக்கா ஜைல்தார்' எழுதிய ஜக்தீப் சித்து இயக்குநரான முதல் படம். அதே பெயரில் எமி பாடிய தனிப்பாட்டு அதற்கு முந்தைய வருஷமே பெரிய வெற்றி. ஜானி எழுதி பி பிராக் இசையமைத்தது. அந்தக் கூட்டணியே படத்துக்கும் வந்தது. பாட்டு ஓடியதால் படம் எடுத்துவிட்டார்கள் என்று முதலில் எல்லோருக்கும் ஒரு இளக்காரம் இருந்தது.

படத்தின் முதல் பாதியில் எமியும் சர்குன் மேத்தாவும் விளையாட்டாக ஆரம்பிக்கும் உறவு. பின்பாதியில் நோய் வருகிறது. முடிவைச் சொல்லப் போவதில்லை, ஆனால் கைக்குட்டை இல்லாமல் உட்காராதீர்கள். சர்குன் பெரிய நடிகை, அழுகையை உள்ளிருந்து எடுப்பவர். எமி அவருக்கு ஈடுகொடுக்க முயன்று தானும் உரக்க அழுதிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். அவர் சிரிப்பைத் தொடர்கிறார். முதல் பாதியில் பார்த்த அதே அசட்டுச் சிரிப்பு, கண்ணில் மட்டும் வேறு ஆள். 2021-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே உத்தியை அதிகமாகவே பிழிந்துவிட்டார்கள். எனக்கு முதல் பாகம் போதும்.

அதே இயக்குநரின் 'சுஃப்னா' (2020) இன்னொரு ரகம். பருத்தி எடுக்க வரும் குடும்பத்துப் பெண்ணாகத் தானியா. அமைதியான படம், எமியும் அதில் அமைதி.

இவ்வளவு ஹிட் குடுத்தவரை எப்படி 'மதிக்கப்படாதவர்'னு சொல்றீங்க? கொஞ்சம் ஓவரா இல்ல?

நியாயமான கேள்வி. பஞ்சாபில் அவர் நட்சத்திரம், தயாரிப்பாளரும்கூட. பணமும் கூட்டமும் குறைவில்லை. நான் சொல்வது நடிப்புக்கான மதிப்பை. 'லௌங் லாச்சி' படத்தின் தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னத் நூர் பாடி, நீரு பாஜ்வாவும் எமியும் திரையில் வந்தது. யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டிய முதல் இந்தியப் பாட்டு அதுதான், 2019-ல். நம் 'ரவுடி பேபி' அந்தக் கோட்டைத் தொட்டது அதற்கு அடுத்த வருஷம். அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அது வந்த படத்தில் எமி எப்படி நடித்திருக்கிறார் என்று பேசினார்கள்?

பாடகர் என்ற முத்திரை ஒரு காரணம். நகைச்சுவைப் படங்களின் எண்ணிக்கை இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் மேலே 'பம்பூகாட்' பதிலில் சொன்னதே. தாழ்ந்து நிற்கிற ஆளாக நடிப்பவரிடம் 'நடிப்பு' கண்ணுக்குத் தெரியாது. கூடவே நடிக்கிறவர் பெயர் வாங்கிக்கொண்டு போவார். பின்னு தில்லோன், சர்குன், தானியா எல்லோரும் எமி படங்களில் நல்ல பெயர் எடுத்ததைப் பாருங்கள்.

அப்படீன்னா அவர் படங்கள்ல ஹீரோயின்தான் ஹீரோவா?

பல படங்களில் ஆமாம், அது அவரே தேர்ந்தெடுத்த வழி என்றுதான் நினைக்கிறேன். 'பாஜ்ரே தா சிட்டா' (2022) பெண்கள் பாடுவதைக் குடும்ப மானப் பிரச்சினையாகப் பார்த்த காலத்துக் கதை. தானியாவும் நூர் சஹலும்தான் அதன் உயிர். 'பம்பூகாட்'டை எழுதிய ஜஸ் கிரேவால் இயக்கியது. போஸ்டரில் பெரிய பெயர் எமியுடையது, படம் அந்தப் பெண்களுடையது. தானே பாடகராக இருந்துகொண்டு, பாட்டு முழுக்க மற்றவர்களிடம் இருக்கிற படத்தில் ஒதுங்கி நிற்பதற்குக் கொஞ்சம் மனசு வேண்டும்.

'முக்லாவா' (2019) இன்னொரு உதாரணம், இது இலேசான படம். கல்யாணம் முடிந்தாலும் முக்லாவா என்ற சடங்கு நடக்கும்வரை பெண் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். கட்டிய பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கத் தவியாய்த் தவிக்கும் மாப்பிள்ளை எமி. சோனம் பாஜ்வாவைத் திரை எப்போது காட்டும் என்று நாமும் அவரோடு சேர்ந்து எட்டிப் பார்க்கிறோம்.

'சௌங்கண் சௌங்கணே' ரெண்டு பொண்டாட்டி காமெடியாச்சே. அதையெல்லாம் எப்படிச் சகிச்சுக்கிறீங்க?

சங்கடம் எனக்கும் உண்டு. குழந்தை இல்லாத மனைவி, தன் தங்கையையே கணவனுக்குக் கட்டி வைக்கிறாள். பிறகு இருவருக்கும் இடையே குடுமிப்பிடி. அம்பர்தீப் சிங் எழுத்து, அமர்ஜீத் சிங் சரோன் இயக்கம், 2022-ன் பெரிய வெற்றிகளில் ஒன்று. 2025-ல் இரண்டாம் பாகமும் வந்தது. குழந்தை இல்லாதது பெண்ணின் குறை என்ற எண்ணத்தைப் படம் கேள்வி கேட்கவே இல்லை. அந்த இடத்தில் எனக்குப் படத்தோடு ஒட்டவில்லை.

நடிப்பை மட்டும் பிரித்துப் பேசலாம் என்றால், சர்குன் மேத்தாவும் நிம்ரத் கைராவும் இரண்டு பக்கமும் வெடிக்க, நடுவில் நிற்கும் எமிக்கு வசனமே குறைவு. அடி வாங்குகிறவனின் நகைச்சுவை இது. இரண்டு வீட்டுக் கணவன்மார் வேடத்தில் நம் ஆட்கள் காட்டும் மிதப்பு, 'பார், எனக்கு ரெண்டு' என்கிற கண்சிமிட்டல், இவரிடம் துளியும் கிடையாது. மாட்டிக்கொண்ட முகம் மட்டும்தான்.

கோபக்காரனா, முரடனா நடிச்சிருக்காரா? இல்ல எப்பவும் நல்ல பையன்தானா?

'மௌட்' (2023) பாருங்கள். ஜியோணா மௌட் என்ற கொள்ளைக்காரனின் கதை பஞ்சாபில் நாட்டுப்பாடலாக ஊர் ஊராகப் பாடப்படுவது. அண்ணன் கிஷ்ணாவை நண்பனே காட்டிக்கொடுக்க, தம்பி பழிவாங்கப் புறப்படுகிறான். போலீஸ் வலையை மீறி நைனா தேவி கோயிலுக்குக் காணிக்கை செலுத்தப் போன கதையை அங்கே குழந்தைகளும் சொல்வார்கள். 1991-ல் குக்கு கில் இதே வேடத்தில் மீசையை முறுக்கிப் பெயர் வாங்கியிருக்கிறார். ஜதிந்தர் மௌஹர் இயக்கிய புதிய படத்தில் ஜியோணா எமி, அண்ணன் தேவ் கரௌட்.

தேவ் கரௌட் அடிதடிக்குப் பேர்போனவர், அவர் வந்தாலே திரையில் சூடு ஏறும். எமி அந்தச் சூட்டோடு போட்டி போடாமல், கோபம் வருவதற்கு முன்னால் ஒரு சாதாரண விவசாயத் தம்பியைக் காட்டி நேரம் எடுத்துக்கொள்கிறார். அவரது பழைய பலம் இங்கேயும் கைகொடுக்கிறது. குனிந்து நின்ற ஆள் நிமிரும்போதுதான் பார்க்கிறவர்களுக்குப் பயம் வரும். கடைசிச் சண்டைகளில் அவரைவிடப் பின்னணி இசைதான் அதிகம் வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சீரியஸான சமகாலப் படம் ஏதாவது?

'ஆஜா மெக்சிகோ சல்லியே' (2022), ராகேஷ் தவன் இயக்கம். அமெரிக்கா போக விசா கிடைக்காத பஞ்சாபி இளைஞர்கள், ஏஜென்ட்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்து, தென்னமெரிக்கா, பனாமா காடு, மெக்சிகோ வழியாக எல்லை தாண்டப் போகும் பாதைக்கு அங்கே டங்கி என்று பெயர். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ பிள்ளையை அனுப்பும் வீடுகள் பஞ்சாபில் ஏராளம். 2023-ல் ஷாருக் கான் படம் ஒன்று இதே விஷயத்தை எடுத்துக்கொண்டது. எமி படம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

பாகிஸ்தான் பஞ்சாபின் மேடை நகைச்சுவை நடிகர்களும் இதில் இருக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று இரண்டு பஞ்சாபிகளும் ஒரே காட்டில் ஒரே சேற்றில் நடக்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. எமியின் சமகாலப் படங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இந்தியில ஏன் எப்பவும் நல்ல சர்தாராவே வர்றார்?

'புஜ்'ஜில் விமானப்படை அதிகாரி, '83'-ல் சந்து, 'பேட் நியூஸ்' (2024) படத்தில் குர்பீர் பன்னு, அதே வருஷம் 'கேல் கேல் மே' படத்தில் அக்‌ஷய் குமாரின் நண்பர் கூட்டத்தில் ஒருவர். பட்டியலைப் பார்த்தால் நீங்கள் கேட்பது சரி. இந்திப் படவுலகத்துக்குத் தலைப்பாகைக்காரர் என்றால் நாட்டுப்பற்று, நேர்மை, வெள்ளந்தி. அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

'பேட் நியூஸ்' மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. விக்கி கௌஷல் பஞ்சாபியாக ஆட்டமும் பாட்டமுமாக எல்லாவற்றையும் நிரப்ப, உண்மையான பஞ்சாபியான எமி அடக்கமானவராக வருகிறார். இருவரில் யார் திறமைசாலி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கதை விக்கி பக்கம் சாய்ந்திருக்கும்போதே, 'இந்தப் பெண் இவனைக் கட்டிக்கொண்டால் நிம்மதியாக இருப்பாளே' என்று நம்மை நினைக்க வைத்துவிடுகிறார்.

'83'-ல் வேலை சிறியது, அளவோடு செய்திருக்கிறார். நடிகர்களுக்குப் பந்துவீச்சைக் கற்றுக்கொடுத்தவர்களில் நிஜ சந்துவே ஒருவர். இறுதிப் போட்டியில் சந்து செய்தது பந்து வீச்சு மட்டுமில்லை. கடைசி விக்கெட்டுக்குக் கிர்மானியோடு சேர்ந்து 22 ரன் எடுத்தார், மார்ஷல் போட்ட பவுன்சர் தலைக்கவசத்தில் பட்டும் நின்றார். இந்தியா மொத்தம் எடுத்ததே 183. பதினோராவது ஆளாக மட்டை பிடிக்கப் போகிறவனின் வயிற்றுக் கலக்கத்துக்கு எமியின் முகம் சொல்லி வைத்த மாதிரி பொருந்துகிறது.

தில்ஜித்தைவிடப் பெரிய நடிகரா?

இல்லை. 'பஞ்சாப் 1984', 'உட்தா பஞ்சாப்', ஏ.ஆர். ரகுமான் இசையில் 'அமர் சிங் சம்கீலா' என்று தில்ஜித் தாண்டிய உயரம் வேறு. அவரிடம் இருட்டு இருக்கிறது. எமி இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் தில்ஜித் எங்கே நின்றாலும் அது தில்ஜித் என்று தெரியும், எமியை நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் கட்டிலில் ஐந்தாவது ஆளாக உட்கார வைக்க முடியும். வீட்டுக் கதைகளுக்கு அந்த ஐந்தாவது ஆள்தான் தேவை.

அவரோட பலவீனம் என்ன? ஒண்ணுமே இல்லாத மாதிரி எழுதுறீங்களே.

நிறைய. வருஷத்துக்கு மூன்று நான்கு படம் நடிக்கிறார், அதில் ஒன்றிரண்டு தூக்கி எறியலாம். அதிகாரம் காட்ட வேண்டிய வேடம் என்றால் தடுமாற்றம் தெரியும். 'சாப் பஹாதர்' (2017) படத்தில் போலீஸ் அதிகாரியாக வந்து ஒரு மர்மத்தைத் துப்பறிவார். முயற்சி நல்லது, ஆனால் மற்றவர்களை மிரட்டும் காட்சிகளில் மிரட்டல் குரலில் மட்டும்தான் இருக்கிறது. குரல் பாடகருக்கு எளிது, தோள் ஒத்துழைக்கவில்லை. பிறகு 'மௌட்'டில் இது ஓரளவு சரியானது.

இன்னொரு குறை, எழுத்தாளர் கைவிட்டால் அவரும் கைவிடுவார். அம்பர்தீப், ஜக்தீப் சித்து, ஜஸ் கிரேவால், ராகேஷ் தவன் ஆகியோர் எழுத்தில் ஒரு எமி, மற்றவர்கள் எழுத்தில் வேறு எமி. வெற்றுக் காட்சியைத் தன் சாமர்த்தியத்தால் நிமிர்த்தும் வித்தை பின்னு தில்லோனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது.

பஞ்சாபி ஒரு வார்த்தையும் தெரியாது. புரியுமா? எங்க பார்க்கிறது?

சப்டைட்டில் போதும். கொஞ்சம் இந்தி காதில் விழுந்திருந்தால் பாதி புரிந்துவிடும். எமி பேசுவது பாட்டியாலாவைச் சுற்றிய மால்வா வட்டாரப் பேச்சு. 'குடி ஹரியாணே வல் தி' (2024) படத்தில் சோனம் பாஜ்வா ஹரியாண்வியில் திட்ட, இவர் பஞ்சாபியில் விழிப்பார். அதை ரசிக்க மட்டும் இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் காதில் பட வேண்டும்.

பஞ்சாபிப் படங்களுக்கென்றே சௌபால் என்ற ஓடிடி இருக்கிறது. பிரைம் வீடியோ, ஜீ5 போன்றவற்றிலும் சில படங்கள் வந்து போகும். சென்னைத் திரையரங்குகளில் எப்போதாவது ஒரு காட்சி, அதுவும் வாரக்கடைசியில் போடுவார்கள். '83'-ஐத் தமிழிலேயே பார்க்கலாம்.

இனி அவர் என்ன மாதிரி படம் பண்ணணும்னு நினைக்கிறீங்க?

முழுக்கக் கெட்டவனாக ஒரு படம். 'அங்ரேஜ்' ஹாகமுக்கு இருபது வயது கூட்டி, கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய அந்த ஆள் நிலமும் பணமும் சேர்ந்த பிறகு பெண்டாட்டி பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வான் என்று யாராவது எழுத வேண்டும். ஜஸ் கிரேவால் எழுதினால் நல்லது. பாட்டே வேண்டாம். விநியோகஸ்தர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். எமியே தயாரிப்பாளர் என்பதால் அவர்கள் ஒத்துக்கொள்ளக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.